காணாக்கடி

அன்புள்ள தங்கைக்கு,

மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொறுப்பேற்று இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தாய். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி. “அக்கா, இங்கே எல்லாவற்றுக்கும் காணாக்கடி என்கிறார்கள். தடிப்பு வந்தாலும் காணாக்கடி, சிவப்புப் புள்ளி வந்தாலும் காணாக்கடி. வேப்பிலை அடித்துவிட்டு நாலு நாள் கழித்துத்தான் நம்மிடம் வருகிறார்கள்.” அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இந்த ஆண்டு உன்னைப் போலக் கிராமத்துக்குப் போயிருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். தவறாக நினைக்காதே.

அந்தச் சொல்லைக் கேட்டு எரிச்சல்படாதே அம்மா. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கடித்தது, அதன் விளைவு உடம்பில் தெரிகிறது என்பதுதான் அதன் பொருள். உண்ணிக் காய்ச்சல் பரப்பும் பூச்சியின் இளம்பருவத்தை நினைத்துப் பார். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். வளர்ந்தபின் எட்டுக் கால். கடிக்கிற பருவத்தில் ஆறுதான். அது ரத்தம் குடிப்பதில்லை, தோலைக் கரைத்து அந்தச் சாற்றைக் குடித்துவிட்டு விழுந்துவிடும். வலிக்காது. காய்ச்சல் வருவது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. அதற்குள் எந்த வரப்பில் உட்கார்ந்தோம், எந்தப் புதரில் விறகு பொறுக்கினோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? காணாக்கடி என்று சொல்கிற பாட்டி அந்த இடத்தில் நம்மைவிட முன்னால் நிற்கிறாள். தடிப்பு, அரிப்பு எல்லாவற்றையும் அதே சொல்லுக்குள் போடுகிறாள் என்பது உண்மை. பிரித்தெடுப்பது உன் வேலை.

அந்தப் பிரித்தெடுப்பில், கடித்த கதைக்குப் பின்னால் பிளேட்லெட் இறங்கி வருகிறவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. கடியைக் கேட்காமல் விட்டும் தவறியிருக்கிறேன். கடியோடு நின்றுபோனவர்கள் தவறியதையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் என் தவறு. பணியில் சேர்ந்து நான்காவது ஆண்டு. மார்கழி மாதம். நாற்பது வயதுப் பெண், கடலைக்காட்டில் கூலிவேலை. ஆறு நாள் காய்ச்சல், தலைவலி, கண் சிவப்பு. பிளேட்லெட் 38,000. டெங்கு என்று எழுதினேன். டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தபோதும், ‘நாள் தள்ளி எடுத்ததால் இருக்கும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், வயிற்றை அழுத்திப் பார்த்தேன். அவள் ரவிக்கையைக் கழற்றச் சொல்லவில்லை. அந்த வார்டில் திரை கிடையாது. எதிர்க்கட்டிலில் ஒரு பாட்டியின் மகன் உட்கார்ந்திருந்தான். அவள் கூச்சப்படுவாள் என்று விட்டேன். உண்மையில் நேரமில்லை என்றுதான் விட்டேன். மறுநாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் காலை, உடம்பு துடைத்துவிட்ட ஆயாம்மா வந்து சொன்னார்: “டாக்டரம்மா, அந்தப் பொண்ணுக்கு மார்புக்குக் கீழே பீடியால் சுட்ட மாதிரி ஒரு புண் இருக்கு. வலிக்கலையாம்.” போய்ப் பார்த்தேன். கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் போட்ட மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அவள் பிழைத்தது அந்த ஆயாம்மாவால். அந்தப் பொருக்கு முதல் நாளே அங்கே இருந்தது.

இடுக்குகளில் தேடு அம்மா. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடா கட்டும் இடம், காதுக்குப் பின்னால். பொருக்கு இல்லாமலும் அந்தக் காய்ச்சல் வரும், அதனால் காணவில்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடாதே. சோதனை முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். சந்தேகம் வந்த நேரத்திலேயே மருந்தைத் தொடங்கு. கர்ப்பிணியாக இருந்தால் அசித்ரோமைசின். மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால், ரத்த அழுத்தம் இறங்கினால் முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பு. தீவிர நோயாளிகளுக்கு இந்த இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் நம் நாட்டிலேயே, வேலூர் மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு காட்டியது. நம் வரப்புகளில் நடக்கிற நோய்க்கு நம் வார்டுகளிலிருந்து விடை வந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இந்தக் காய்ச்சலில் பிளேட்லெட், அதாவது தட்டணு, இறங்குவது, ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகி அங்கே அது செலவழிவதால். டெங்குவில் எலும்பு மஜ்ஜையே சில நாள் தளர்ந்துபோகிறது. கூடவே வைரஸின் ஒரு புரதத்துக்கு எதிராக உடல் செய்த எதிர்ப்பொருள் ஆள் மாறித் தட்டணுவின் மேலும் ஒட்டிக்கொள்கிறது என்று தைவான் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆக டெங்குவுக்குள்ளேயே தன்னைத் தானே தாக்கும் ஒரு சிறு பகுதி ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் காய்ச்சல் போனபின் ஒரு வாரத்துக்குள் எண்ணிக்கை ஏறிவிடும். காய்ச்சல் போய், சாப்பாடு இறங்கி, ஆள் வயலுக்கே போன பிறகும், மூன்று வாரம் கழித்தும் பிளேட்லெட் 20,000-இல் நின்றால், அது டெங்கு இல்லை. டெங்கு தூண்டிவிட்டுப் போன வேறொன்று. கொசு எப்போதோ பறந்துவிட்டது, தாக்குதல் மட்டும் ஓயவில்லை.

அந்த வேறொன்றைத்தான் நாம் ஐ.டி.பி. என்கிறோம். ஜெர்மானிய மருத்துவர் வெர்ல்ஹோஃப் 1735-இல், காய்ச்சல் ஏதும் இல்லாமல் புள்ளிகளும் ரத்தக்கசிவுமாக வந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதிவைத்தார். தட்டணு என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. 1916-இல் பிராகில் காஸ்நெல்சன் என்பவர், இதே நோய் கண்ட வேறொரு பெண்ணின் தட்டணுக்களை மண்ணீரல்தான் அழிக்கிறது, அதை எடுத்துவிட்டால் என்ன என்று தன் பேராசிரியரிடம் கேட்டார். எடுத்தார்கள், அந்தப் பெண்ணின் தட்டணுக்கள் மளமளவென்று ஏறின. கேட்டவர் அப்போது மருத்துவ மாணவர். படிப்பில் உன்னைவிட இளையவர்.

ஆனால் மண்ணீரல் எதைப் பார்த்து அழிக்கிறது என்று தெரிய இன்னும் முப்பத்து நான்கு ஆண்டு பிடித்தது. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், நோய் முற்றிய ஒரு பெண்ணின் ரத்தம் அரை லிட்டர் எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயின. வலிப்பு வந்தது. உடம்பெல்லாம் புள்ளி. நாலைந்து நாள் கழித்து எண்ணிக்கை தானாகத் திரும்பியது. ‘நோய் மஜ்ஜையில் மட்டும் இல்லை, அவள் ரத்தத்தில் ஓடுகிற ஏதோ ஒன்று தட்டணுவைக் கொல்கிறது’ என்பதை இப்படித்தான் உலகம் அறிந்தது. அந்த ஏதோ ஒன்றுதான் எதிர்ப்பொருள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனாலும் ஒவ்வொரு முறை அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதும் எனக்கு அவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

நம் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10,000 கோடித் தட்டணுக்களைச் செய்து அனுப்புகிறது. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழிலிருந்து பத்து நாள். அவற்றின் மேற்புறத்தில் ரத்தக்கசிவை அடைக்க உதவும் புரதங்கள் இருக்கின்றன. ஒரு கிருமியையோ, கொட்டிய விஷத்தின் புரதத்தையோ எதிர்க்கக் கிளம்பிய உடல், சில பேரிடம், அந்தச் சொந்தப் புரதங்களையே எதிரியாக எண்ணிவிடுகிறது. எதிர்ப்பொருள் ஒட்டிய தட்டணு மண்ணீரலுக்குள் போனால் திரும்புவதில்லை. பத்து நாள் வாழ வேண்டியது சில மணி நேரத்தில் போய்விடுகிறது. அதனால்தான் இந்த நோயில் வெளியிலிருந்து பிளேட்லெட் ஏற்றுவது பொதுவாகப் பயன்படாது. ஏற்றியதையும் அதே எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்ளும். உயிர் போகிற ரத்தக்கசிவில் மட்டும், மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள்.

இப்போது ஒரு பையனின் கதை. எட்டு வயது. தென்னந்தோப்பில் கதண்டுக் கூட்டைக் கல்லால் அடித்திருக்கிறான். ஏழெட்டு இடத்தில் கொட்டிவிட்டது. வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் முழங்காலில் நீலத்திட்டு, கணுக்காலைச் சுற்றிச் செம்புள்ளிகள், பல் துலக்கும்போது லேசாக ரத்தம். காய்ச்சல் இல்லை. பையன் வெளியில் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பிளேட்லெட் 9,000. “கதண்டு விஷம் உள்ளுக்குள்ளேயே நின்னுபோச்சு தாயீ” என்றார் அவன் அப்பத்தா.

எண் 9,000 என்றதும் அந்தக் குடும்பம் எப்படி ஆடிப்போகும் என்று உனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் ரத்தம் கேட்டுச் செய்தி போய்விட்டது. பப்பாளி இலையை அரைத்து ஒரு தம்ளர் கொடுத்தும் விட்டார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, பையனின் வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கிலோ அண்ணத்திலோ ரத்தக் கொப்புளம் இருந்தால் அது எச்சரிக்கை, இல்லை. தலைவலி இல்லை, வாந்தி இல்லை, மலம் கறுப்பாகப் போகவில்லை. கழுத்தில், அக்குளில் நெறி கட்டவில்லை. எலும்பை அழுத்தினால் வலிக்கவில்லை. மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை, தட்டுப்பட்டால் ஐ.டி.பி. என்ற பெயரைக் கீழே வைத்துவிட்டு வேறு தேடத் தொடங்கு. பிறகு ஸ்மியர். அதை நானே நுண்ணோக்கியில் பார்த்தேன். சிவப்பணு சரி, வெள்ளையணு சரி, தட்டணுக்கள் மட்டும் குறைவு, இருந்தவையும் பெரிது பெரிதாக. மஜ்ஜை வேகமாகச் செய்து அனுப்புகிறது என்பதற்கு அது அடையாளம்.

அந்த ஸ்மியரைப் பார்க்காமல் எதையும் கொடுக்காதே, குறிப்பாக ஸ்டீராய்டு. குழந்தைக்கு வந்திருப்பது ரத்தப் புற்றாக இருந்தால், இரண்டு நாள் ஸ்டீராய்டிலேயே அது பதுங்கிக்கொள்ளும். எண்ணிக்கை ஏறும், எல்லோரும் மகிழ்வார்கள், நோயின் பெயர் தெரிய வேண்டிய நேரம் வீணாகும். நம் ஊர்களில் காய்ச்சல் என்று போன இடத்தில் பெயர் சொல்லாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பும் பழக்கம் இருக்கிறது. ஆகவே “இதுக்கு முன்னாடி எங்கே காட்டினீங்க, என்ன ஊசி போட்டாங்க” என்று தவறாமல் கேள். இடுப்பில் போடுகிற ஊசியே இவர்களுக்கு ஆகாது. உள்ளே ரத்தம் கட்டி வீங்கும். “ஒரு ஊசி போட்டு அனுப்புங்கம்மா” என்று கெஞ்சுவார்கள். மறுத்துவிடு, ஏன் என்றும் சொல். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் தட்டணுவின் வேலையைக் கெடுப்பவை. வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால் போதும்.

பையனுக்கு என்ன கொடுத்தேன் என்று கேட்பாய். ஒன்றும் கொடுக்கவில்லை. தோலில் மட்டும் புள்ளியோடு, ஈறில் ஓரிரு துளி ரத்தத்தோடு இருக்கும் குழந்தைக்கு எண் எவ்வளவு தாழ்ந்திருந்தாலும் கவனித்துக்கொண்டிருப்பதே முதல் சிகிச்சை என்று ரத்தவியல் நிபுணர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. பெரியவர்களில் 30,000-க்கு மேல், கசிவு இல்லை என்றால் அதே பொறுமை. குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும். ஆனால் சும்மா இருப்பதற்கு உழைப்பு தேவை அம்மா. நிபுணரோடு தொலைபேசியில் பேசினேன். மரம் ஏறக் கூடாது, சைக்கிள் கூடாது, தலைவலி என்றாலோ வாந்தி என்றாலோ நடுராத்திரியானாலும் வர வேண்டும் என்று அப்பத்தாவிடம் மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் திரும்பச் சொல்லச் சொன்னேன். வாரம் இரண்டு முறை வரவழைத்தேன். மூக்கில் ரத்தம் நிற்காமல் போயிருந்தால் இம்யூனோகுளோபுலின் ஏற்ற மாவட்டத் தலைநகருக்கு அனுப்பியிருப்பேன். 1981-இல் சுவிட்சர்லாந்தில் இம்பாக் என்ற குழந்தை மருத்துவர் கண்ட வழி அது. தேவைப்படவில்லை. ஏழாவது வாரம் 1,60,000.

கதண்டு கொட்டியதால்தான் வந்தது என்று அப்பத்தா இன்றும் சொல்வார். நான்? தேனீயும் குளவியும் கொட்டியபின் இப்படி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் தனித்தனிக் குறிப்புகள் உண்டு. நாள் கணக்கும் பொருந்துகிறது: விஷம் நேரடியாகத் தாக்கினால் மணிக்கணக்கில், முதல் ஓரிரு நாளில் இறங்கும், உடல் எதிர்ப்பொருள் செய்து தாக்க ஒன்றிலிருந்து மூன்று வாரம். ஆனால் உன் ஊரில் கடந்த மூன்று வாரத்தில் எதுவும் கடிக்காத ஒரு ஆளைக் காட்டு பார்ப்போம். கொசு, கட்டெறும்பு, தெள்ளுப்பூச்சி, உண்ணி, பூரான் என்று ஏதாவது ஒன்று எல்லோரையும் கடித்திருக்கும். அந்தப் பையனுக்கு அதே மாதத்தில் சளிக்காய்ச்சலும் வந்து போயிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளியதா என்பதை ஒரு பையனை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே கோப்பில் ‘கதண்டு கொட்டியபின் 12-ஆம் நாள்’ என்று எழுதினேன். ‘கதண்டால்’ என்று எழுதவில்லை. அந்த வேறுபாட்டை விட்டுவிடாதே. கடியைக் காரணமாக எழுதிவிட்டால் அடுத்து வருகிற மருத்துவர் தேடுவதை நிறுத்திவிடுவார்.

அப்படி நிறுத்தியதன் விலையை ஒரு முறை பார்த்தேன். வேறொரு இடத்திலிருந்து என்னிடம் வந்த முப்பது வயதுப் பெண். தேனீ கொட்டியதால் பிளேட்லெட் குறைவு என்று சீட்டில் இருந்தது. அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. முடி உதிர்வு, மூட்டுவலி, வெயிலில் கன்னம் சிவப்பது எல்லாம் ஒரு வருடமாக இருந்ததாம். யாரும் கேட்காததால் அவளும் சொல்லவில்லை. லூபஸ். அதற்குள் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. பெரியவர்களிடம் பிளேட்லெட் குறைந்தால் லூபஸ், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி மூன்றையும் நினை. கேட்பதற்குக் கூச்சமான கேள்விகள்தான், கேட்டுவிடு.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆளுக்கு எந்திரம் 15,000 என்று காட்டினால் முதலில் எந்திரத்தைச் சந்தேகப்படு. ஊதா மூடிக் குழாயில் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். எந்திரம் அவற்றை எண்ணாது. ஸ்மியரில் திரள் தெரியும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடு. அதே ஸ்மியரில் சிவப்பணுக்கள் உடைந்த ஓடுகளைப் போலத் துண்டு துண்டாகத் தெரிந்து, ஆள் வெளிறி, பேச்சு தடுமாறினால் அது டி.டி.பி. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பிளாஸ்மா மாற்றும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்பு. இந்த நோயில் பிளேட்லெட் ஏற்றினால் கெடுதலாகலாம் என்பதைச் சீட்டில் எழுது. தேனீ கொட்டியபின் இதுவும் வந்ததாகக் குறிப்புகள் உண்டு.

பூச்சி கடித்த தடிப்பையும் ரத்தப் புள்ளியையும் பிரிப்பது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். கண்ணாடி ஸ்லைடை வைத்து அழுத்து. தடிப்பு வெளுக்கும், ரத்தப் புள்ளி வெளுக்காது. தெள்ளுப்பூச்சி கடித்த இடத்தில் நடுவில் ஒரு சிறு ரத்தப் புள்ளி நிற்பதுண்டு. ஆனால் அது அரிக்கும். தட்டணுக் குறைவில் வரும் புள்ளி அரிக்காது. இதை உன் செவிலியருக்கும் ஆஷா பணியாளருக்கும் சொல்லிக்கொடு. வேப்பிலை அடிக்கிற அந்தப் பெரியவரையும் ஒரு நாள் போய்ப் பார். அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் நோயாளி முதலில் போகிறார். “அழுத்தினால் போகாத புள்ளியும், காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே என்னிடம் அனுப்புங்கள் ஐயா” என்று மரியாதையாகக் கேட்டால் அனுப்புவார். எனக்கு அனுப்பினார்கள்.

டெங்கு மாதங்களில் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி உன்னை நெருக்குவார்கள். 2017-இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், 20,000-க்குக் கீழே போனாலும் கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டி ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை. ஏற்றியதால் வந்த தொந்தரவுதான் கூடியது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், சிறுநீர், ஹீமட்டோகிரிட் இவற்றைப் பார்த்துக்கொண்டிரு. நோயாளியின் குடும்பத்துக்கு பிளேட்லெட் என்ற அந்த ஒரு எண் மட்டும்தான் தெரியும், அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். வேளைக்கு எத்தனை முறை சிறுநீர் போனார் என்று எழுதிவைக்கச் சொல்லி அவர்கள் கையிலும் ஒரு வேலை கொடு.

உன் நிலையத்தில் பரிசோதனைக் கட்டிலுக்குத் திரை இல்லை, கேட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வரும்வரை காத்திருக்காதே. என் பழைய பருத்திப் புடவைகள் இரண்டைத் துவைத்து மடித்து இந்தக் கடிதத்தின் பிரதியோடு உனக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நாலு ஆணி, ஒரு கயிறு. கூடவே ஒரு டார்ச் விளக்கும் இருக்கிறது. மார்கழி வருவதற்குள் கட்டிவிடு.

அன்புடன்,
அக்கா